நமுனுகுல ரோட்டில் ஒரு சர்வதேச மாநாடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் பல்கலைக்கழக மனித உரிமை, சர்வதேச விவகார மாணவர் மன்றத்திலிருந்து எட்டுப் பேர் பதுளைக்குக் கிளம்பினோம். பாதை, நேரம், செலவு எல்லாவற்றையும் இந்தப் பதிவில் எழுதியிருக்கிறேன். ஆனால் எல்லப் பாலத்தின் படமோ துன்ஹிந்த அருவியின் படமோ தேடி வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். துன்ஹிந்த பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த காலை நேரத்தில் நாங்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மன்றம் வருடா வருடம் மாதிரி ஐ.நா. சபை நடத்தும். கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபம், குளிரூட்டி, இரவல் கோட், மேசைமேல் நாட்டின் பெயர்ப்பலகை, முழுக்க ஆங்கிலப் பேச்சு. நானே இதுவரை மூன்று நாடுகளின் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். மூன்றில் ஒன்றும் எனக்கு விசா தராது. இந்த வருடம் எந்தப் பிரச்சினையை எடுக்கலாம் என்று பேசக் கூடியபோது இரண்டாம் வருட மாணவி சுபாஷினி எழுந்தாள். பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. அம்மா அங்கே கொழுந்து பறிக்கிறார், அப்பா தொழிற்சாலையில் வேலை.

"அறுபதுகள்ல ரெண்டு நாட்டுத் தலைவருங்க ஒக்காந்து எங்காளுங்கள பங்கு போட்டாங்களே, அந்தக் கூட்டத்த ஏன் நம்ம நடிச்சுப் பாக்கல?" என்று கேட்டாள். "அதையும் ஹோட்டல்ல வேணாம். எங்க தோட்டத்துல செய்வோம்." தோட்டத் தொழிலாளர்களில் எத்தனை பேர் கடல் தாண்டி மூதாதையர் நாட்டுக்குப் போவது, எத்தனை பேர் இங்கே இருப்பது என்று 1964இல் இரண்டு பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தைத்தான் சொன்னாள்.

மன்றச் செயலாளர் சிரித்தார். அது மலையக அரசியல், நம்முடைய மன்றம் சர்வதேச விவகாரங்களுக்கானது என்றார்.

"ரெண்டு நாடு சேந்து மனுசங்கள பிரிச்சு எடுத்துக்கிட்டது சர்வதேச விவகாரம் இல்லன்னா வேற எதுங்க?" என்றாள் சுபாஷினி.

வாக்கெடுப்பில் நாங்கள் ஜெயித்தோம், ஆனால் மன்றப் பணம் தரமாட்டோம் என்றார்கள். சொந்தச் செலவில் போக எட்டுப் பேர் தயாரானோம்.

கொழும்பு கோட்டையிலிருந்து விடிகாலை 5.55க்குப் புறப்படும் ரயிலில் போனோம். இருக்கை ஒதுக்கிய மூன்றாம் வகுப்பு, ஒருவருக்கு 1,500 ரூபாய். முப்பது நாட்களுக்கு முன்பே பதிவு திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். நானுஓயா தாண்டிய பிறகு வாசலில் தொங்கிப் படம் எடுக்கிற கூட்டத்தால் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. எல்லவில் அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள். யூடியூப் காணொளிகளும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். எல்லவுக்கு அப்பாலும் தண்டவாளம் இருக்கிறது ஐயா! தெமோதரை, ஹாலிஎல என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் காலி ரயிலில் கால் நீட்டிக்கொண்டு போகலாம். மலைச்சரிவு முழுக்க நடந்து திரியும் மனிதர்களை அப்போதுதான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

பதுளையில் இறங்கும்போது மாலை நான்கரை. எங்களோடு வந்த கசுன் பதுளைக்காரன், இறுதி வருடம். அவன் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தோம். உங்களுக்கு அப்படி ஒரு நண்பன் இல்லையென்றால், பஸ் நிலையத்தைச் சுற்றி 4,000 ரூபாயிலிருந்து அறைகள் உண்டு. கசுனின் தாய்மொழி சிங்களம். தமிழைப் பல்கலைக்கழகத்தில் வந்து கற்றுக்கொண்டான். நாடகத்தில் அவன்தான் இந்த நாட்டின் பிரதமர். அடுத்த நாட்டின் பிரதமர் நான். இரவு முழுக்கக் கசுன் "பேச்சுவார்த்தை" என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஸ்பிரிங்வெளி வழியாக நமுனுகுல பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஒருவருக்கு 110 ரூபாய், பயணம் ஐம்பது நிமிடம். சுபாஷினியின் தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

பஸ் தரிப்பிடத்திலிருந்து இருபது நிமிடம் மேலே ஏறினால் தோட்டத்துப் பொது மண்டபம். ஒரு கல்யாணம், ஒரு சாவு, பிள்ளைகளின் பரிசளிப்பு என்று எல்லாம் அங்கேதான் நடக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே சுபாஷினி வாய்மொழியாகக் கேட்டு, சரி என்ற பதிலும் வாங்கியிருந்தாள். மன்றத்தின் பெயர் போட்ட எங்கள் பேனரின் படம் அதற்குப் பிறகு தோட்டம் முழுக்கப் போனில் சுற்றியிருந்தது. நாங்கள் போனபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில், தொழிலாளர்களை மேற்பார்க்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நின்றார். அவருக்கு எங்கள் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும், பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொர வேணாம்னுட்டாருங்க. பேனர்ல மனித உரிமைன்னு போட்டிருக்காமே. அப்புடி கூட்டம்லாம் இங்க போட ஏலாதாம்."

"நாடகம்தானேங்க?" என்றாள் சுபாஷினி.

"நாடகமோ கூத்தோ, எனக்கு சாவிய குடுக்கச் சொல்லலம்மா."

தொரை என்றால் தோட்ட முகாமையாளர். அவருடைய பங்களாவுக்கு நானும் சுபாஷினியும் கசுனும் போனோம். வெளி வராந்தாவில் உட்காரவைத்து, நல்ல தேநீர் கொடுத்து, ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசினார். மலை உச்சியில் அழகான காட்சி முனை ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், ஆள் அனுப்புகிறேன் என்றார். கூட்டம் மட்டும் முடியாது, இது கம்பனியின் காணி என்றார். நாங்கள் எழுந்தபோது சுபாஷினியின் பக்கம் திரும்பினார்.

"உங்கள் அம்மாவும் அப்பாவும் இன்னும் இங்கே வேலை செய்கிறார்கள், இல்லையா?"

அவ்வளவுதான் சொன்னார், சிரித்துக்கொண்டே. சுபாஷினி எங்களுக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேநீரைக் குடித்தேனே என்றிருந்தது.

சுபாஷினியின் வீடு லயத்தில் நான்காவது காம்பரா. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். அவள் அம்மா செல்வமணி எங்களுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துவிட்டு, நடந்ததை முழுவதும் கேட்டார்.

"வேணாம்மா, திரும்பிப் போறோம்," என்றாள் சுபாஷினி. "நாங்க இன்னைக்கி பஸ் ஏறிருவோம். நாளைக்கி காலைல ஒனக்கு பெரட்டுல பிரச்சின வரும்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே பெயர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

செல்வமணி அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "பெரட்டுக்குப் போறது நான். ஒனக்கு என்ன? வந்த வேலையப் பாரு."

"மண்டபம் பூட்டிக் கெடக்கு."

"ரோடு பூட்டியா கெடக்கு?"

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ரவி, அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "அட, ஆமாங்க! பஸ் ஹால்ட்டுகிட்ட கடைக்கி முன்னுக்கு எவ்வளவு எடம் இருக்கு! அது அரசாங்க ரோடு. தொரையோட காணி அந்த வேலியோட சரி. மேச வேணுமா, நம்ம வண்டியில ஏத்திக்குவோம்."

பிற்பகல் இரண்டு மணிக்கு மேசை இறங்கியது. செல்வமணி அம்மாவின் கல்யாணச் சேலை ஒன்றை மேசைக்கு விரிப்பாகப் போட்டோம். கடைக்காரர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி தந்தார். பேனரை எங்கே கட்டுவது என்று கேட்டதற்கு, எங்கே கட்டினால் பங்களாவிலிருந்து தெரியுமோ அங்கேயே கட்டச் சொன்னார் ரவி. கட்டினோம். மூன்று லயங்களிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்து, கைக்குழந்தைகளோடு, ஏதோ கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தார்கள்.

முதலில் ஒரே சிரிப்பு. கோட் போட்டுக்கொண்டு நானும் கசுனும் கைகுலுக்கினோம். கசுன் "பேச்சுவார்த்தை" என்று சரியாகச் சொன்னதும் பின்னாலிருந்து விசில் பறந்தது. நான் எழுதிவைத்த வசனத்தைச் சொன்னேன்.

"ஐந்து இலட்சத்துச் சொச்சம் பேரை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். மூன்று இலட்சம் பேர் உங்களிடம் இருக்கட்டும்."

"மீதி?" என்றான் கசுன்.

"மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

இந்த வரியைக் கொழும்பில் ஒத்திகை பார்த்தபோது நாங்கள் சிரித்தோம். இங்கே யாரும் சிரிக்கவில்லை. கடை வாசலில் நின்ற ஒருவர் உரக்கச் சொன்னார்.

"அந்த மிச்சத்துல எங்கப்பாவும் இருந்தாருங்க."

அடுத்த வசனம் எனக்கு மறந்துபோனது. அந்த நேரத்தில் செல்வமணி அம்மா கடைக்குள் போய், கடைக்காரர் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஒத்திகையில் இது இல்லை. சுபாஷினியைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை.

கசுன் பிரதமராகவே சமாளிக்கப் பார்த்தான். "அம்மா, இது ரெண்டு அரசாங்கம் பேசுறது."

"பேசுங்க. நான் ஒக்காந்திருக்கேன்."

"நீங்க இங்க இருக்க முடியாது அம்மா."

"எங்கள பத்தித்தானே பேசுறீங்க? என் பெரியம்மா குடும்பம் மொத்தமும் கப்பல் ஏறிச்சு. எங்கம்மா இங்க நின்டுச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் மொகம் பாத்துக்கல. யாருக்கு எந்தப் பக்கம் போகணும்னு ஒருத்தரும் கேக்கலையே. இப்ப கேளுங்க, சொல்றேன்."

கசுன் என்னைப் பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் கேட்டான்.

"சொல்லுங்கம்மா. என்ன வேணும்?"

"நிக்கிற எடத்துக்கு உறுதி வேணும்," என்றார் செல்வமணி அம்மா. உறுதி என்றால் காணி உறுதி, வீட்டு நிலம் தன் பேரில் எழுதிய பத்திரம். "நாலு தலமொறையா இங்க கெடக்கோம். இந்த மண்ணுல ஒரு முழம்கூட எம் பேருல இல்ல. வெரட்டுனா போறதுக்கு வேற எடமும் இல்ல."

அதன் பிறகு நாடகம் எங்கள் கையில் இல்லை. ஒரு பெண் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் கொழுந்துச் சாக்கை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு தாத்தா எனக்குப் பிரதமர் வேலையை விட்டுவிட்டு எழுதச் சொன்னார், எழுதினேன். ஆஸ்பத்திரியில் தமிழில் பேச ஆள் இல்லாதது, மழைக்கு ஒழுகும் கூரை, ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படிக்க நகரத்துக்குப் போய்வர நேரத்துக்குப் பஸ் இல்லாதது. இடையில் பஸ் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டு, அது போனதும் மறுபடி கூடினார்கள். மூன்று பஸ் அப்படிப் போனது.

மூன்றரை மணிக்குத் தொரையின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். பொதுவீதியை மறித்துக் கூட்டம் போடுவதாக முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். கசுன் முன்னால் போய்ச் சிங்களத்தில் விளக்கினான். சார்ஜன்டின் முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, காலையில் எங்களை ஏற்றிவந்த அதே பஸ் மேலேயிருந்து இறங்கி வந்தது. கூட்டம் ஒதுங்கியது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் சார்ஜன்ட், "உங்களுக்கு இங்கே மறிப்பு ஏதும் இருந்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மறிப்பா?" என்றார் கண்டக்டர். "இன்றைக்குத்தான் சார் ஒழுங்காக வழி கிடைக்கிறது. மற்ற நாளெல்லாம் அந்த ஜீப் நடு வளைவில் நிற்கும்."

பஸ்ஸுக்குள்ளே சிரிப்புச் சத்தம். சிங்களம் புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லச் சொல்ல ரோட்டிலும் சிரிப்பு பரவியது. சார்ஜன்ட் இருட்டுமுன் முடித்துவிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜீப் வந்த வழியே திரும்பியது. நாங்கள் ஐந்து மணிக்கு முடித்து, கடைசி பஸ்ஸில் பதுளைக்கு வந்தோம். பஸ்ஸில் யாரும் பாட்டுப் பாடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை காலை ஏழு மணி வரைதான். வீட்டிலேயே தங்கிவிட்ட சுபாஷினி போன் செய்தாள். "அம்மா பேர கூப்புடல அண்ணா. வேல இல்லன்னுட்டாங்க."

துன்ஹிந்த போக அழைத்திருந்த இரண்டு ஆட்டோக்களையும் திருப்பி மேலே விட்டோம். வண்டிக்கு 1,800 ரூபாய் கேட்ட டிரைவர்கள், விஷயம் தெரிந்ததும் 1,200 போதும் என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரட்டு நடக்கும் இடத்துக்கு எதிரே ரோட்டோரப் புல்லில் செல்வமணி அம்மா உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அவருடைய அணிப் பெண்கள் அத்தனை பேரும். கொழுந்து பறிக்கும்போது சேலைமேல் கட்டும் தடித்த படங்கை இடுப்பில் கட்டியபடி, வெற்றுச் சாக்குகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மலைக்கு ஒருவரும் ஏறவில்லை. கணக்கப்பிள்ளை அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கொழுந்து முத்திப் போகுது, ஏறுங்கம்மா. அவ பேர நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"அவளுக்கு இன்னைக்கி வேல இல்லன்னா எங்களுக்கும் இல்ல," என்றார் ராஜேஸ்வரி என்ற பெண். "நாளைக்கிப் பாக்குற கதையெல்லாம் நேத்தே கேட்டாச்சு."

எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. நாங்கள் வந்து நாடகம் போட்டுவிட்டுப் போகிறோம், இவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பங்களாவுக்குப் போய், எல்லாம் எங்கள் தவறு, இவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கலாம் என்று சுபாஷினியிடம் சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"எது அண்ணா தப்பு? நீங்க போய் மன்னிப்பு கேட்டீங்கன்னா, அம்மா நேத்து ஒக்காந்தது தப்புன்னு ஆயிரும். போகாதீங்க."

போகவில்லை. நாங்களும் புல்லில் உட்கார்ந்தோம். அட்டைக்கடி வாங்கியது தவிர அன்று காலை நாங்கள் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. பத்து மணி அளவில் ஜீப் வந்தது. தொரை இந்த முறை இறங்கினார். பெண்களைப் பார்த்தார், கொழுந்து நிற்கும் மலையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்த முதல் பெயர், செல்வமணி.

யாரும் கைதட்டவில்லை. எழுந்து, படங்கைத் தட்டிவிட்டு, வரிசையாக மேலே ஏறினார்கள். போகிற போக்கில் செல்வமணி அம்மா என்னிடம் கேட்டது, "காலைல சாப்புட்டீங்களா தம்பி?"

ஊர் திரும்பிய பிறகு, தோட்டத்தில் குழப்பம் விளைவித்ததாகப் பல்கலைக்கழகப் பீடத்துக்குத் தொலைபேசியில் முறைப்பாடு வந்திருந்தது. எங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதி, எட்டுப் பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். வருத்தம் தெரிவிக்கும் வரி ஒன்று சேர்த்தால் நல்லது என்றார், சேர்க்கவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. மன்றத்திலிருந்து செயலாளரும் இன்னொருவரும் விலகிவிட்டார்கள். விலகட்டும். சார்ஜன்டின் முன்னால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, ஒரு விசாரணைக் கடிதத்தைக் கண்டு பயப்பட வெட்கமாக இருக்கிறது. காணி உறுதி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. அன்று மேசையில் எழுதியதை மனுவாக்கும் வேலையில் சுபாஷினியும் கசுனும் இருக்கிறார்கள். தோட்டத்து மக்களே வாசித்துத் திருத்தித் தந்த பிறகுதான் அது போகும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் மலைநாட்டு ரயில் பாதை மண்சரிவால் மூடப்படலாம், முதல் நாளே நிலையத்தில் விசாரியுங்கள். பதுளையிலிருந்து கொழும்புக்கு இரவிலும் பஸ் உண்டு, எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்குப் பிறகு நமுனுகுல பக்கமிருந்து பதுளைக்கு வருவது கஷ்டம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், குளிருக்கு ஒரு மேலங்கியும் போதும். கடை ரொட்டி நன்றாக இருக்கும், இரண்டாகச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, தோட்டத்துக்குள் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். லயத்து வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள். படம் எடுக்கலாமா, உட்காரலாமா, பேசலாமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அவர் வாங்க என்று சொல்லி, பங்களாவில் இருப்பவர் கூடாது என்றால், நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பஸ் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.